பழைய தாளும் குழந்தையின் கத்தரிக்கோலும்: எதை வெட்டலாம், எதைக் கேட்டு வெட்ட வேண்டும்

பள்ளிகளில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி வழக்கமாகிவிட்டது. “வீட்டில் உள்ள பழைய பொருட்களைக் கொண்டு ஒரு கைவினைப் பொருள் செய்து நாளை எடுத்து வரவும்” என்று டைரியில் ஒரு வரி வரும். அன்று ராத்திரி கடை மூடும் நேரத்தில் ஸ்டேஷனரி கடையில் பெற்றோர் நிற்பார்கள். புது சார்ட் பேப்பர், ஜிகினா ஒட்டிய ஃபோம் ஷீட், குளூ கன்னுக்கான பசைக்குச்சி, இரண்டு மூன்று நிறத்தில் ஜிகினாத் தூள் எல்லாம் பையில் ஏறும். மறுநாள் பள்ளிக்குப் போகும் பொருளில் பழையது என்று இருப்பது அடியில் மறைந்துபோன ஒரு தண்ணீர் பாட்டில்தான்.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. குப்பையைக் குறைப்பது, காசை மிச்சப்படுத்துவது, குழந்தை தன் கையால் ஒன்றைச் செய்து பார்ப்பது என்ற மூன்று நோக்கங்களும் அந்த ஒரு வரிக்குள் கலந்துகிடக்கின்றன. பழைய தாள் இந்த மூன்றில் எதற்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது? எந்தத் தாள் எந்த வேலைக்கு ஆகும்? குழந்தை போன வருஷம் வரைந்த படத்தையே வெட்டி வேறொன்று செய்யலாமா? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## மூன்று சொற்களும் ஒரு கணக்கும்

1. மறுபயன்பாடு: பொருளை உடைக்காமல், இருக்கிறபடியே இன்னொரு தடவை பயன்படுத்துவது. ஒரு பக்கம் அச்சான தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது மறுபயன்பாடு.

2. மறுசுழற்சி: பொருளைக் கூழாக்கித் திரும்ப மூலப்பொருளாக்குவது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட தாள் ஆலைக்குப் போய் அட்டைப்பெட்டியாகத் திரும்பி வருவது இதில் சேரும்.

3. கைவினை: இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தாளை வெட்டுகிறோம், ஒட்டுகிறோம், மடிக்கிறோம். அதன் ஆயுள் சில வாரமோ சில மாதமோ நீள்கிறது. அப்புறம் அதுவும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. அப்படிப் போகும்போது ஆலை ஏற்றுக்கொள்கிற நிலையில் இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை.

இப்போது கணக்கு. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஜெராக்ஸ் தாள் என்றால் ஒரு தாளின் எடை 5 கிராம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் வாரம் 2 புதுத் தாளுக்குப் பதில் பழைய தாளை எடுத்துக்கொண்டால், 40 வாரத்தில் 3,200 தாள், அதாவது 16 கிலோ மிச்சம். தினம் 100 கிராம் எடையுள்ள நாளிதழ் வாங்கும் ஒரே ஒரு வீட்டில் இவ்வளவு தாள் ஐந்து மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் சேர்ந்துவிடும். ஒரு வகுப்பு முழுக்க ஒரு வருஷம் செய்தாலும் கிடைப்பது இவ்வளவுதான். கைவினை வகுப்பால் மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று குழந்தைகளிடம் சொல்வது நியாயமில்லை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. புது சார்ட் பேப்பரைக் குழந்தை கையில் கொடுத்தவுடன் நம் வாயில் வரும் முதல் வார்த்தை “வீணாக்கிடாதே.” பென்சிலால் கோடு போட்டுக்கொடுத்து, வெட்டும் இடத்தைக் காட்டி, கடைசியில் கத்தரிக்கோலையும் நாமே வாங்கிக்கொள்கிறோம். போன மாத மளிகைக் கடை நோட்டீஸைக் கொடுத்துப் பாருங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். குழந்தை ஐந்து தடவை கோணலாக வெட்டும், ஆறாவது தடவை வட்டம் வட்டமாக வரும். அந்த ஐந்து கோணல்களுக்கு இடம் கொடுப்பது விலையில்லாத தாள்தான். பழைய தாளைக் கைவினைக்கு எடுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

## தாள் எதனால் ஆனது

தாளே பிறந்தது பழைய பொருளிலிருந்துதான். கி.பி. 105இல் சீன அரசவையில் இருந்த சாய் லுன் தாள் செய்முறையைப் பேரரசரிடம் தெரிவித்ததாகச் சீன வரலாற்று நூல் சொல்கிறது. அவர் எடுத்துக்கொண்ட பொருட்கள் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணி வெட்டுத் துண்டுகளிலிருந்து தாள் செய்துவருகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979இல் தொடங்கப்பட்டபோதே கரும்புச் சக்கையை மூலப்பொருளாக வைத்துத்தான் திட்டமிடப்பட்டது. நார் இருந்தால் போதும், அது வலையில் இருந்தாலும் கரும்பில் இருந்தாலும் தாள் ஆகும்.

இந்த நாரைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருந்தால் கைவினையில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நாரோட்டம். ஆலையில் ஓடும் சல்லடை மேல் கூழ் விழும்போது நார்களில் பெரும்பகுதி ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடும். அதனால் எந்த இயந்திரத் தாளுக்கும் ஒரு திசை உண்டு. நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், அடிஸ்கேல் வைத்ததுபோல நேராகப் போகும். அதே தாளைப் பக்கவாட்டில் கிழித்தால் பல் பல்லாக, இழுத்த இடமெல்லாம் ஓடும். மடிப்பும் அப்படித்தான். நாரோட்டத்தோடு மடித்தால் கூர்மையாக விழும், எதிர்த்து மடித்தால் முரண்டு பிடிக்கும். திசை தெரியாத தாள் என்றால் ஒரு சதுரத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்கள். சில நொடியில் அது குழல்போலச் சுருளும். குழல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அதுதான் நாரோட்டம். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும், தாங்களே பத்துத் தாளில் செய்துபார்ப்பார்கள்.

ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில் எவ்வளவு என்பதுதான் இந்த எண். நாளிதழ் சுமார் 45, ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80, கல்யாணப் பத்திரிகை அட்டை பெரும்பாலும் 250க்கு மேல். நான்கு வயதுக் குழந்தைக்குக் கத்தரிக்கோல் பழக்க ஜெராக்ஸ் தாள்தான் சரி. நாளிதழ் மெல்லிசாக இருப்பதால் வெட்டுப்படாமல் கத்தரிக்குள் மடிந்துகொள்ளும். அட்டைக்கு அந்தப் பிஞ்சு விரலில் பலம் போதாது.

ஈரம். நார் தண்ணீர் குடித்தால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பசை தடவி ஒட்டிய அட்டை மறுநாள் காலையில் அப்பளம்போல வளைந்து கிடப்பது இதனால்தான். பின்பக்கத்திலும் அதே மாதிரித் தாளை, அதே நாரோட்டத்தில் ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் இழுத்துச் சமன் செய்துகொள்ளும். அப்புறம் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். பைண்டிங் கடையில் இதைத்தான் செய்கிறார்கள்.

## வீட்டில் சேரும் தாள்கள்: எது எதற்கு

1. நாளிதழ். கூழ் வேலைக்கும், குழல் சுற்றுவதற்கும் இதை மிஞ்சியது இல்லை. ஒரு மூலையில் ஈர்க்குச்சியை வைத்துக் குறுக்காகச் சுற்றினால் உறுதியான குழல் கிடைக்கும். அதை வைத்து வீடு கட்டலாம், கூடை முடையலாம். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இதில் நீக்கப்படாமல் இருப்பதால் வெயில் பட்டால் மஞ்சளாகும், நொறுங்கும். பல வருஷம் வைத்திருக்க நினைக்கும் பொருளுக்கு இது வேண்டாம். அச்சு மை கையில் ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் சொல்வதும் மையின் காரணமாகத்தான். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு நாளிதழ் கொடுக்காமல் இருப்பது நல்லது. பெரிய பிள்ளைகள் வேலை முடிந்ததும் கை கழுவினால் சரி.

2. ஒரு பக்கம் அச்சான அலுவலகத் தாள். வரைய, வெட்ட, மடிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் கொடுக்கும் முன் திருப்பிப் பாருங்கள். ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், யாரோ ஒருவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். குழந்தை அதில் ராக்கெட் செய்து பள்ளிக்கு எடுத்துப் போகும். அந்த மாதிரித் தாளைக் கிழித்துக் கூழுக்கு ஒதுக்கிவிடலாம்.

3. கல்யாணப் பத்திரிகை. வீட்டில் கிடைக்கும் தாள்களில் விலை உயர்ந்தது இது. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிபோல ஒரு மெல்லிய படலம் தனியாக உரிந்து வந்தால் மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் மாவுப் பசை ஒட்டாது, வண்ணமும் பிடிக்காது. உள்பக்கத்தைப் பயன்படுத்த வேண்டியதுதான். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அடிஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்தால் மடிப்பு வெடிக்காது.

4. தினசரி காலண்டர். சிவகாசியில் அச்சாகி ஒவ்வொரு வீட்டுக்கும் வருவது. ஒரே அளவில் 365 தாள். ஒரே வடிவத்தைப் பல தடவை மடித்துக் கோத்துச் செய்யும் வேலைகளுக்கு அளவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தேதியைக் கிழிக்கும் வேலையைக் குழந்தையிடம் விட்டு, ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கச் சொல்லலாம்.

5. பில், ஏடிஎம் சீட்டு, மிஷினில் வரும் பஸ் டிக்கெட். இவற்றைக் கைவினைக்கு எடுக்கவே வேண்டாம். இது வெப்பத் தாள். மை இல்லாமல், தாளின் மேல் பூசிய ரசாயனம் சூட்டில் கறுப்பதால் எழுத்து வருகிறது. நகத்தால் வேகமாகக் கீறினால் கறுப்புக் கோடு விழும், அதுதான் அடையாளம். இந்தப் பூச்சில் பிஸ்பினால் வகை ரசாயனங்கள் பயன்படுத்தப்படுகின்றன. தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியவை அவை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் வெப்பத் தாளில் பிஸ்பினால் ஏ அளவை எடையில் 0.02 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. இந்தத் தாளைப் பழைய பேப்பர் கட்டிலும் சேர்க்கக் கூடாது.

6. அச்சகத்தில் வெட்டி எறியும் ஓரத் துண்டுகள். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எந்த ஊர் அச்சகத்திலும் கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நீள நீளமாக, ஒரே அகலத்தில், பல நிறத்தில் கீற்றுகள் மூட்டையில் கிடக்கும். இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்தில் ‘ரெமிதா’ என்ற மையம் 1996 முதல் இதையே ஒரு முறையாகச் செய்துவருகிறது. தொழிற்சாலைகளில் மிஞ்சும் தாள், அட்டை, துணி, கம்பி முதலியவற்றைச் சேகரித்து, வகைபிரித்து அடுக்கிப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. நம் ஊரில் அதற்கு மையமெல்லாம் வேண்டாம். ஒரு ஆசிரியர் ஒரு சாக்குப் பையோடு அச்சகத்துக்குப் போய்க் கேட்டாலே போதும்.

சாமி படம் போட்ட தாளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பத்திரிகையின் மேலட்டையில் பிள்ளையார், மாதக் காலண்டரில் மகாலட்சுமி. தாளைக் காலால் மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த வீட்டில், அதே குழந்தையிடம் அந்தப் படத்தை வெட்டு என்று சொன்னால் குழந்தை திகைத்துப்போகும். சாமி படங்களைப் பெரியவர்கள் முன்கூட்டியே எடுத்து ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதுதான் முறை. வகுப்பில் பல மதத்துப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதற்காகவும் இது வேண்டும்.

## பசை

துத்தம் போடாத மைதாப் பசைதான் குழந்தைக்கு நல்லது. சுவரொட்டிக்கும் பைண்டிங்குக்கும் காய்ச்சும் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது செம்புச் சேர்மம், விஷம். கடையில் கேட்டு வாங்கிவந்த பசையைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டாம். வீட்டில் காய்ச்ச, ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு அப்புறம் அடுப்பில் ஏற்ற வேண்டும். சுமார் 60 டிகிரி சூட்டுக்கு மேல் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்பத் தொடங்கும். வெள்ளைக் கரைசல் கண்ணாடிபோல மாறும்போது இறக்கிவிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.

கூழ் வேலைக்கு நம் வீடுகளிலேயே ஒரு பழைய முறை இருக்கிறது. தாளைத் துண்டு துண்டாக்கி இரண்டு நாள் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, முறத்தின் இடுக்குகளில் பூசுவார்கள். கவிழ்த்த பானை மேல் அப்பிக் காயவைத்துக் கூடையாகவும் எடுப்பார்கள். வெந்தயத்தில் இருக்கும் வழவழப்பான பசைச்சத்து நார்களைப் பிடித்துக்கொள்கிறது. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பது பாட்டிமார் சொல்லும் காரணம். புதுச்சேரிப் பகுதியில் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. தாளைக் கூழாக்கிப் பொம்மை செய்வதைக் குழந்தை எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த கைவேலை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒரு கூடை இன்னும் கிடக்கலாம்.

## போட்டி எங்கே வழிதவறுகிறது

ஆலையில் பழைய தாள் தண்ணீரில் கலக்கப்பட்டு நார் நாராகப் பிரிகிறது. மாவுப் பசை கரைந்து போய்விடும். ஸ்டேப்ளர் பின் கனமானது, தனியே ஒதுங்கிவிடும். ஆனால் குளூ கன் பசை கரையாது. சூட்டில் இளகிச் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். ஜிகினாத் தூள் என்பது உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக வெட்டியது. அது நாரோடு நாராகக் கலந்து தாளுக்குள் போகும், மிச்சம் தண்ணீரோடு போகும். கைவினைக்கான உதிரி பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனையை 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததற்கு, இப்படிப் பொடிப் பிளாஸ்டிக் சுற்றுச்சூழலில் கலப்பதுதான் காரணம்.

ஒரு நார் பொதுவாக ஐந்து முதல் ஏழு தடவை ஆலைக்குப் போய்வரக்கூடியது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குட்டையாகும். எடைக்குப் போட்டிருந்தால் இன்னும் பல தடவை தாளாகியிருக்கக்கூடிய ஒரு நாளிதழை எடுத்து, ஜிகினாவும் ஃபோமும் ஒட்டி, இரண்டு நாள் வகுப்பறை அலமாரியில் வைத்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டால், அந்த நாளிதழ் அத்தோடு முடிந்தது. குப்பையைக் குறைக்கத் தொடங்கிய போட்டி, சுத்தமான தாளைக் குப்பையாக்கித் தருகிறது.

பள்ளிகள் நிபந்தனையை இரண்டு வரி மாற்றி எழுதினால் போதும். பொருளில் எதுவும் புதிதாக வாங்கப்பட்டதாக இருக்கக் கூடாது, மாவுப் பசை மட்டும் விதிவிலக்கு. செய்வதை வகுப்பறையிலேயே, ஆசிரியர் கண்ணெதிரே செய்ய வேண்டும். இரண்டாவது நிபந்தனை வந்தாலே பெற்றோரின் ராத்திரி வேலை நின்றுபோகும். பரிசு பெறும் பொருள் கோணலாக இருக்கும், இருக்கட்டுமே.

## குழந்தை வரைந்த பழைய படம்: யாருடையது?

இதுவரை பேசியது யாரோ அச்சடித்த தாளைப் பற்றி. குழந்தை தானே வரைந்த தாள் வேறு விஷயம். ஒரு வருஷத்தில் நூறு இருநூறு படம் சேர்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும் வைத்திருக்க எந்த வீட்டிலும் இடம் இல்லை. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது ஒரு கட்டாக எடுத்து வெளியே வைத்துவிடுகிறோம், குழந்தை தூங்கும் நேரம் பார்த்து. அந்தக் கட்டைக் கைவினைக்கு எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முன் ஒரு படி இருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஓவியம், வரைபடம் முதலியவற்றைக் கலைப்படைப்பு என்று வரையறுக்கும்போது, அதற்குக் கலைத்தரம் இருக்கிறதோ இல்லையோ என்று சேர்த்தே சொல்கிறது. படைத்தவர்தான் முதல் உரிமையாளர். வயது வரம்பு கிடையாது. நான்கு வயதுக் குழந்தை மெழுகு கிரேயானில் வரைந்த யானை, சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தையின் படைப்பு.

சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. படைப்பை விற்றுவிட்டாலும், அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்யான் பவனுக்காக வெண்கலத்தில் ஒரு பிரம்மாண்டமான சுவர்ச் சிற்பம் செய்தார். 1979இல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், துண்டுகள் சேதமாயின. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பிக்கொடுத்து, ரூ. 5 லட்சம் இழப்பீடும் தர உத்தரவிட்டது. பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன அரசாங்கமே பொருளை இஷ்டப்படி கையாள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்துக்காக எந்தக் குழந்தையும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனாலும் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று புரிந்துகொள்ள இது உதவும். இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. தன் படத்தை வெட்டுவதைவிட ஐந்து வயதில் ஒருவரைப் பாதிக்கும் விஷயம் அதிகம் இருக்காது.

கேட்பதற்கும் ஒரு வழி உண்டு. “இதையெல்லாம் வெட்டலாமா?” என்று கட்டைக் காட்டிக் கேட்டால் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். படங்களைத் தரையில் பரப்பி, மூன்றாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அப்படியே இருக்க வேண்டியவை, யாருக்காவது கொடுக்கலாம் என்பவை, வெட்டி வேறு செய்யலாம் என்பவை. மூன்றாவது அடுக்கையே பெரிதாக வைக்கும் குழந்தைகளும் உண்டு. நமக்கு அழகாகப்பட்ட படம் வெட்டும் அடுக்கிலும், வெறும் நீலக் கிறுக்கல் வைத்திருக்கும் அடுக்கிலும் போகும். அதில் கைவைக்கக் கூடாது, அந்தக் கிறுக்கலுக்கு ஒரு கதை இருக்கும்.

பெரியவர்கள் ஒரே ஒரு இடத்தில் குறுக்கிடலாம். ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் குழந்தை ஓவியத்தின் படிநிலைகளை வகுத்துக்காட்டினார். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை கிறுக்கல், அப்புறம் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதன், ஏழு வயதை ஒட்டிப் படத்தின் அடியில் தரைக்கோடு. இந்த மாற்றங்கள் ஒரு தடவைதான் நடக்கும். முதன்முதலாக வந்த தலைக்கால் மனிதனையும், முதல் தரைக்கோட்டையும் மட்டும் “இது அம்மாவுக்கு வேணும்” என்று கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

## வெட்டிய படத்திலிருந்து என்ன செய்யலாம்

தன் பழைய படத்தைக் கிழித்துப் புதிது செய்வது பெரிய ஓவியர்களின் வழக்கம்தான். அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் 1950களின் தொடக்கத்தில் தன் கருப்பு வெள்ளை ஓவியங்கள் பிடிக்காமல் கிழித்துத் தரையில் போட்டுவிட்டார். சில வாரம் கழித்துத் திரும்ப வந்தபோது தரையில் கிடந்த துண்டுகளே அவர் கண்ணை இழுத்தன. அவற்றை ஒட்டி உருவாக்கிய படங்கள் 1955இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ‘பிடிக்கலை’ என்று குழந்தை தூக்கிப்போடும் படத்தை ஒரு மாதம் பெட்டியில் போட்டுவைத்துவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

1. ஜன்னல். பத்திரிகை அட்டையில் 5 செ.மீ. சதுரமாக ஒரு ஓட்டை வெட்டுங்கள். அதைப் பழைய படத்தின் மேல் நகர்த்தச் சொல்லுங்கள். பெரிய தாளில் தொலைந்துபோயிருந்த ஒரு கண், மழைக்கோடு, இரண்டு நிறம் சேர்ந்த இடம் சட்டென்று தனிப் படமாகத் தெரியும். பிடித்த இடத்தில் பென்சிலால் எல்லை போட்டு வெட்டினால் வாழ்த்து அட்டையின் முகப்பு தயார். எங்கே நிறுத்துவது என்பதைக் குழந்தைதான் முடிவுசெய்கிறது. அதனால் மற்ற எல்லா வேலையையும்விட இதை முதலில் செய்யச் சொல்வேன்.

2. பாய் முடைதல். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் பள்ளி தொடங்கிய ஃபிரெடரிக் ஃபுரோபெல், சின்னப் பிள்ளைகளுக்குத் தாள் கீற்று முடைவதைப் பாடமாகவே வைத்தார். இரண்டு பழைய படம் போதும். ஒன்றை ஒரு ஓரம் விட்டு 2 செ.மீ. அகலத்தில் கீறிக்கொள்ள வேண்டும், இன்னொன்றைத் தனிக் கீற்றுகளாக வெட்ட வேண்டும். கோரைப்பாய்போல மேலும் கீழுமாகக் கோத்துவந்தால் மீனும் வீடும் கட்டம் கட்டமாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். கீற்றை நாரோட்டத்தோடு வெட்டினால் கோணாமல் நேராக நிற்கும்.

3. எட்டுப் பக்கப் புத்தகம். பழைய படத்தை வண்ணம் வெளியே தெரியும்படி எட்டாக மடித்துப் பிரித்து, நடுவில் ஒரே ஒரு கீறல் போட்டு, திரும்பச் சேர்த்து மடித்தால் தைக்காமல் ஒட்டாமல் ஒரு சின்னப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணத் துண்டு இருக்கும். அதைப் பார்த்துக் கதை சொல்லச் சொன்னால், சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

பொருளின் குணம் ஒன்றிரண்டு தெரிந்திருக்க வேண்டும். மெழுகு கிரேயான் தீட்டிய இடத்தில் மாவுப் பசை வழுக்கும், பின்பக்கத்தில் தடவி ஒட்ட வேண்டும். போஸ்டர் கலர் காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரையும். அந்தப் படத்தைக் கூழ் பொம்மை மேல் ஒட்டினால் நிறம் கலங்கும். பல நிறப் படங்களைச் சேர்த்துக் கூழாக்கினால் வானவில் நிறம் வரும் என்று குழந்தை எதிர்பார்க்கும், வருவது சாம்பல் நிறம். ஜப்பானில் மை படிந்த பழைய தாளை மறுபடி கூழாக்கிச் செய்த தாளும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது, அதற்கு அந்த நிறத்தை வைத்தே பெயர். சாம்பல் வேண்டாம் என்றால் நிறம் பிரித்து ஊறவைக்க வேண்டும், மஞ்சள் ஒரு டப்பா, நீலம் ஒரு டப்பா.

வெட்டும்போது படத்தின் மூலையில் எழுதியிருந்த பெயரும் தேதியும் முதலில் போய்விடும். கத்தரிக்கோல் எடுக்கும் முன் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தின் நடுவிலும் நான்கைந்து இடத்திலும் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் குறித்துவிடுங்கள். எந்தத் துண்டு எந்தப் பொருளில் போய் ஒட்டிக்கொண்டாலும் பின்னால் அது இருக்கும்.